200 டாலர் அட்வான்ஸும் ஒரு நல்ல சேதியும்

கப்பலில் ஏறி ஐந்தாவது நாள். அன்றைக்குத் துறைமுகம் எதுவும் கிடையாது, விடிந்ததிலிருந்து நாலு பக்கமும் தண்ணீர்தான். நான் மேல்தளத்தில் நிழலாக ஒரு நாற்காலி பிடித்து உட்கார்ந்திருந்தேன். காபி வாங்கி வருகிறேன் என்று போனவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். கையில் காபி இல்லை, மூன்றாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த முகம் போதும். ஏதோ வாங்கிவிட்டார்.

“அடுத்த பயணத்துக்கும் இடம் போட்டுட்டேம்மா. ஊருக்குப் போய் போட்டா அட்வான்ஸ் 500. இங்கேயே போட்டா 200தான். முந்நூறு டாலர் லாபம்!”

கடன் பிரிவில் 27 வருஷம் உட்கார்ந்து எழுந்தவள் நான். ‘லாபம்’ என்று யாராவது சொன்னால் கை தானாகக் காகிதத்தைக் கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை. காற்று நன்றாக வீசியது, கண் சொக்கியது. “சரி, காபி எங்கே?” என்றுதான் கேட்டேன்.

அந்தக் காகிதத்தின் கதையைத்தான் எழுதப் போகிறேன். உல்லாசக் கப்பலில் போய் வந்தவர்களுக்கு அந்த மேஜை தெரிந்திருக்கும். நடுக்கூடத்தில், எல்லோரும் கடந்து போகிற வழியில் போட்டிருப்பார்கள். பின்னால் ஒரு திரையில் பனிமலை, நீலக் கடல், சூரிய அஸ்தமனம் என்று மாறி மாறி ஓடும். ராயல் கரீபியன் கப்பல்களில் அதற்கு நெக்ஸ்ட்குரூஸ் என்று பெயர். நார்வீஜியனில் அதையே திருப்பிப் போட்டு குரூஸ்நெக்ஸ்ட். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். இந்தப் பயணத்தின் இனிப்பு நாக்கில் இருக்கும்போதே அடுத்ததற்குக் கையெழுத்து வாங்குவது. உட்கார்ந்திருப்பவர்களுக்கு விற்பனையில் கமிஷன் உண்டு. அதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறவர் அதை மறந்துவிடக் கூடாது.

கப்பலில் பதிவு செய்தால் பொதுவாக இரண்டு சலுகைகள் கிடைக்கும். அட்வான்ஸ் குறையும். அடுத்த பயணத்தில் கப்பலுக்குள் செலவு செய்துகொள்ளக் கொஞ்சம் பணம் நம் அறைக் கணக்கில் வரவு வைப்பார்கள். எங்கள் காகிதத்தில் அந்த வரவு அறைக்கு 50 டாலர். 7 இரவு, பால்கனி வைத்த அறை, புறப்பாடு 14 மாதம் கழித்து. கரையில் ஆளுக்கு 250 கட்ட வேண்டிய இடத்தில் ஆளுக்கு 100.

ஊர் திரும்பிப் பெட்டியைப் பிரிக்கும்போதுதான் அந்தக் காகிதம் மறுபடி கையில் கிடைத்தது. அப்போது தூக்கம் இல்லை. பென்சிலை எடுத்தேன். அட்வான்ஸ் குறைந்தால் கட்டணம் குறையாது. இன்றைக்குக் கட்டாத 300 புறப்பாட்டுக்கு 90 நாள் முன்னால் கட்ட வேண்டிய மீதித் தொகையோடு போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். அதுவரை அந்த 300 நம்மிடம் இருக்கும். முழுசாக 14 மாதம் என்றே வைத்துக்கொண்டு, 6 சதவீத வட்டி போட்டுப் பார்த்தேன். 21 டாலர் வந்தது. கெடு அதற்கு முன்பே வந்துவிடுவதால் உண்மையில் அதுகூட இல்லை. அவர் சொன்ன முந்நூறு டாலர் லாபத்தின் நிஜ எடை இது. அந்த 50 டாலர் வரவுதான் கண்ணால் பார்க்கக்கூடிய லாபம். அதையும் கப்பலுக்குள்தான் செலவழிக்க வேண்டும், மிச்சம் இருந்தால் பெரும்பாலும் கையில் தர மாட்டார்கள். சொன்னேன். “எப்படியானாலும் போகத்தானே போறோம்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

காகிதத்தின் அடிப்பகுதியில் ஒரு வரி இருந்தது. அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது. தேதியோ கப்பலோ மாற்றினால் ஆளுக்கு 100 டாலர்.

“ஏங்க, இதைப் படிச்சீங்களா?”

“அந்தப் பொண்ணு சொல்லிச்சு. திரும்பக் கிடைக்கிற மாதிரி வேணும்னா கட்டணம் 120 டாலர் கூடவாம். நாம எதுக்கு ரத்து பண்ணப் போறோம்?”

மேஜையில் இருந்த பெண் எதையும் மறைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஒரே அறைக்கு இரண்டு விலை இருப்பதைத் திரையைத் திருப்பிக் காட்டியிருக்கிறாள். இவர் மலிவானதைத் தொட்டுக் காட்டிவிட்டு எழுந்து வந்திருக்கிறார். நானே போயிருந்தாலும் ஒருவேளை அதைத்தான் தொட்டிருப்பேன். வீட்டில் பத்து ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிற மனசு கடல் நடுவில் வேறு மாதிரி வேலை செய்கிறது. பணம் என்று ஒன்று கண்ணிலேயே படாது, எல்லாம் அறைச் சாவி அட்டையைத் தட்டினால் ஆயிற்று. 200 டாலர் என்பது அன்றைய பில்லில் இன்னொரு வரி, அவ்வளவுதான்.

ஏழு மாதம் போனது. மகள் போன் செய்தாள். குரலிலேயே தெரிந்துவிட்டது. “அம்மா, ரெண்டு மாசம்.” அழுது, சிரித்து, சாப்பிட்டாயா தூங்கினாயா என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகு தேதி கேட்டேன். டாக்டர் சொன்ன தேதி, கப்பல் கிளம்பி மூன்றாம் நாள்.

போனை வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எத்தனை வருஷம் காத்திருந்த சேதி! அதற்கு நடுவில் அட்வான்ஸைப் பற்றி நினைப்பதே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தோம்.

இறுதிக் கெடு வர இன்னும் நாலு மாதம் இருந்ததால் மொத்தப் பணமும் போகவில்லை, அது ஒரு ஆறுதல். ஆனால் அட்வான்ஸ் விஷயத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். ரத்து செய்தால் ஆளுக்கு 100 கழித்துக்கொண்டு மீதியை அடுத்த பயணத்துக்கான வரவாகத் தருவார்களாம். ஆளுக்கு 100 கட்டியவர்களுக்கு மீதி ஏது? தேதியை மாற்றினால் மேற்கொண்டு 200 கட்ட வேண்டும். அந்த 50 டாலர் வரவு பழைய பதிவோடு ஒட்டியது, பதிவு போனால் அதுவும் போகும். போதாக்குறைக்கு நாங்கள் பார்த்த புதுத் தேதிகளில் கட்டணம் ஏறியிருந்தது. ரத்து செய்துவிட்டோம். கட்டணத்தில் 120 மிச்சம் பிடிக்கப் போய் 200 விட்டோம். கணக்கு முடிந்தது.

பேத்தி பிறந்தாள். அவளுக்கு ஒரு வயது நிறைந்த பிறகு, “போயிட்டு வாங்க, நான் பார்த்துக்கிறேன்” என்று மகளே எங்களைத் துரத்திவிட்டாள். வேறு கம்பெனி, வேறு கப்பல். இந்தத் தடவை மேஜைக்கு நான் போவது என்று ஏறும்போதே பேசி வைத்துக்கொண்டோம்.

ஏறிய இரண்டாம் நாளே போனேன். இது முக்கியம். கடைசிக் கடல் நாளில் அந்த மேஜைக்கு முன்னால் நிற்கிற வரிசையைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லோருக்கும் ஊர் திரும்பும் துக்கம், எல்லோருக்கும் இன்றோடு சலுகை முடிகிறது என்கிற பதற்றம். அங்கே நின்று நிதானமாக நாலு கேள்வி கேட்க முடியாது, பின்னால் நிற்பவர் கனைப்பார். இரண்டாம் நாள் அங்கே ஈ காக்கை இல்லை. மேஜையில் இருந்த பையன் எனக்கு முழுசாக அரை மணி நேரம் கொடுத்தான்.

முதலில் கேட்டது, பணம் திரும்பி வருமா என்பதைத்தான். வரும் என்றான். எழுத்தில் எங்கே இருக்கிறது என்றேன். விரலை வைத்துக் காட்டினான். அப்புறம், தேதி மாற்றினால் என்ன, கப்பல் மாற்றினால் என்ன, கட்டணம் பின்னால் இறங்கினால் எனக்கும் இறக்குவீர்களா, வழக்கமாக எங்களுக்குப் பதிவு செய்து கொடுக்கிற ஏஜென்ட் இந்தப் பதிவை எடுத்துக்கொள்ள முடியுமா. கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் நின்றான். முடியும், ஆனால் குறிப்பிட்ட நாளுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றான். இது பலருக்குத் தெரிவதில்லை. சில ஏஜென்டுகள் தங்கள் கமிஷனிலிருந்து நமக்குக் கொஞ்சம் தனி வரவு கொடுப்பார்கள். கப்பல் தருகிற சலுகையையும் வைத்துக்கொண்டு, அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்.

விலையை அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்தக் கப்பலில் இணையம் தனிக் காசு, அதுவும் நத்தை வேகம். அங்கே உட்கார்ந்துகொண்டு இந்த விலை நியாயமா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. மேஜைக்காரர்களின் பெரிய பலமே அதுதான் என்பேன். மறுநாள் துறைமுகத்தில் இறங்கியதும், ஊர் சுற்றக் கிளம்புவதற்கு முன்னால், படியை விட்டு இறங்கிய இடத்திலேயே ஒரு திண்டில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தேன். அதே அறை, அதே தேதி, அதே விலை. ஒரு டாலர்கூட வித்தியாசம் இல்லை. கட்டணம் கரையிலும் கடலிலும் ஒன்றுதான், அட்வான்ஸும் வரவும்தான் வேறு என்று அப்போது கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அவர் பக்கத்தில் நின்று, “பஸ் கிளம்பிடும், பஸ் கிளம்பிடும்” என்று மந்திரம் ஓதிக்கொண்டிருந்தார்.

கப்பலிலேயே பதிவு செய்வதில் எனக்கு நிஜமாகப் பிடித்த லாபம் வேறொன்று. அதை எந்தத் துண்டுச்சீட்டிலும் போட மாட்டார்கள். முதல் பயணத்தில் எங்கள் அறை நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே. விடிகாலை ஐந்தரை மணிக்கே தலைக்கு மேல் நாற்காலிகளை வரிசைப்படுத்துவார்கள். கர்ர்ர் என்று ஒரு சத்தம், பிறகு அமைதி, கண் மூடினால் மறுபடி கர்ர்ர். தள வரைபடத்தில் பார்த்தபோது அந்த அறை நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. இந்தத் தடவை காலையில் அறைகளைச் சுத்தம் செய்கிற நேரமாகப் பார்த்து ஒவ்வொரு தளமாக நடந்தேன். கதவுகள் திறந்திருக்கும். அறைப் பணியாளரிடம் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்று எட்டிப் பார்ப்பேன். பால்கனியிலிருந்து பார்த்தால் உயிர்காப்புப் படகு மறைக்கிறதா, லிஃப்ட் எவ்வளவு தூரம், பக்கத்தில் பணியாளர் கதவு இருந்து அடிக்கடி படாரென்று அடிக்கிறதா. எட்டாம் தளத்தில் பின்பக்கமாக ஓர் அறை. மேலேயும் அறை, கீழேயும் அறை. நடைபாதையில் என் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எண்ணைக் கையில் எழுதிக்கொண்டேன். ஒரே மாதிரி கட்டிய அக்கா தங்கைக் கப்பல்கள் இருப்பதால், இந்தக் குறிப்பு பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

இவ்வளவு செய்தும் கடைசியில் அந்த அறையைப் பதிவு செய்யவில்லை. தேதி போட எனக்குத் தைரியம் வரவில்லை. மகள் ஒருநாள் பேச்சுவாக்கில், “இன்னொண்ணு பெத்துக்கலாமான்னு பார்க்கிறோம்” என்று சொல்லியிருந்தாள். தேதி போடாமல் அட்வான்ஸ் மட்டும் கட்டி வைக்கிற வழி பல கம்பெனிகளில் உண்டு. டிஸ்னி கப்பல்களில் அதைப் பிளேஸ்ஹோல்டர் என்கிறார்கள். 250 டாலர் கட்டிவிட்டு வந்தால் 24 மாதத்துக்குள் போகிற பயணத்துக்குப் பொதுவாகக் கட்டணத்திலேயே 10 சதவீதம் குறைப்பார்கள், சில தேதிகளுக்கு மட்டும் செல்லாது. அட்வான்ஸைக் குறைப்பதற்கும் கட்டணத்தைக் குறைப்பதற்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நாங்கள் போன கப்பலில் கட்டணக் குறைப்பு இல்லை. ஆளுக்கு 100, இரண்டு வருஷத்துக்குள் எந்தக் கப்பலுக்கும் பயன்படுத்தலாம், பயன்படுத்தாவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதைக் கட்டினேன்.

அட்டையில் கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கப்பல் கணக்கு டாலரில், உங்கள் அட்டை வேறு பணத்தில் என்றால் வங்கி மாற்றுக் கட்டணம் பிடிக்கும். பணம் திரும்பி வரும்போது அன்றைய விலைக்குத்தான் வரும். கட்டியதும் வந்ததும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

வீட்டுக்கு வந்து ரசீதைப் பாஸ்போர்ட்டுகளோடு வைத்தேன். மகள் பார்த்துவிட்டாள்.

“எந்த மாசம்மா?”

“மாசம் இன்னும் முடிவு பண்ணலை.”

“எந்தக் கப்பல்?”

“அதுவும் இல்லை.”

“அப்ப எதுக்குத்தான் பணம் கட்டிட்டு வந்தீங்க?”

அவள் அப்பா பதில் சொல்லவில்லை. தள வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, நான் கையில் எழுதி வந்த அறை எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டிருந்தார். பேத்தி மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.