மாஸ்டர்.பாஸ்வேர்ட் அழிந்துபோன லேப் கேள்வி: ஃப்ரீபிஎஸ்டியில் மீட்பது எப்படி

சிஸ்டம் அட்மின் லேப் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் கட்டாயம் பழக வேண்டிய பயிற்சி ஒன்று: யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில், பயனர் கணக்குகளும் பாஸ்வேர்டு ஹேஷ்களும் (பாஸ்வேர்டை ஒருவழியாக மாற்றிய வடிவம்) இருக்கும் மாஸ்டர்.பாஸ்வேர்ட் ஃபைல் ஈடிசி அடைவில் இல்லை, பயனர்கள் யாரும் பாஸ்வேர்டை மாற்றாமலே அதை மீட்க வேண்டும். லினக்ஸ் மட்டும் பழகியவர்கள் இங்கே அவசரப்படுவார்கள். வேறு மெஷினிலிருந்து ஒரு ஃபைலைக் கொண்டுவந்து வைத்து, அதிலிருந்து கணக்கு டேட்டாபேஸை உருவாக்கும் பிடபிள்யூடி_எம்கேடிபி கட்டளையை ஓட்டிவிடுவார்கள். அதோடு முடிந்தது கதை. மீட்க வேண்டிய டேட்டாபேஸ் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும்.

ஃப்ரீபிஎஸ்டியில் லாகின் நேரத்தில் படிக்கப்படுவது டெக்ஸ்ட் ஃபைல் அல்ல. மாஸ்டர்.பாஸ்வேர்டிலிருந்து உருவான பிடபிள்யூடி.டிபி, எஸ்பிடபிள்யூடி.டிபி என்ற இரண்டு பெர்க்லி டிபி (டேட்டாபேஸ்) ஃபைல்கள்தான். முதலாவது எல்லாரும் படிக்கலாம், ஹேஷ் இருக்காது. இரண்டாவது ரூட்டுக்கு (நிர்வாகி கணக்கு) மட்டும், அனுமதி 600, ஹேஷ் இருக்கும். அதனால்தான் டெக்ஸ்ட் ஃபைல் போன பிறகும் எல்லாரும் வழக்கம்போல் உள்ளே வருவார்கள், யாருக்கும் தெரியாது.

எனவே முதல் வேலை, எஸ்பிடபிள்யூடி.டிபியை ரூட் அடைவுக்கு நகலெடுப்பது. அடுத்து வார்/பேக்கப்ஸ் அடைவில் மாஸ்டர்.பாஸ்வேர்ட்.பேக் இருக்கிறதா என்று பாருங்கள். தினமும் அதிகாலை 3:01க்கு ஓடும் பீரியாடிக் வேலை அதை எடுத்து வைக்கிறது. பயிற்சி விஎம் (மெய்நிகர் மெஷின்) அந்த நேரத்தில் அணைந்தே கிடந்தால் அங்கே ஒன்றும் இருக்காது. இருந்தாலும், அதற்குப் பிறகு மாறிய பாஸ்வேர்டுகள் அதில் இல்லை.

பைனரி ஃபைலில் உள்ள எழுத்துகளை மட்டும் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையால் டிபியைப் பிழிந்து பார்ப்பது வீண். யூஐடியும் ஜிஐடியும் (பயனர் எண், குழு எண்) அதில் பைனரியாக இருப்பதால் தெரியாது. பெயர், யூஐடி, வரிசை எண் என்று ஒவ்வொரு பயனரும் பல சாவிகளில் பதிவாகியிருப்பதால் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவார். சிஸ்டத்தையே படிக்கச் சொல்வதுதான் வழி.

ரூட்டாக 'கெட்என்ட் பாஸ்வேர்ட்' கொடுத்தால் ஹேஷோடு 7 ஃபீல்டு வரும். மாஸ்டர்.பாஸ்வேர்டுக்கு வேண்டியதோ 10. விடுபடுவது கிளாஸ் (லாகின் வகை), பாஸ்வேர்டு மாற்ற வேண்டிய தேதி, கணக்கு முடியும் தேதி. வெற்று கிளாஸும் இரண்டு சுழியமும் போட்டு நிரப்பினால் ஃபைல் ஓடும், ஆனால் முடிந்துபோன கணக்கெல்லாம் உயிர்பெற்றுவிடும். மதிப்பெண் போவது இங்கேதான். 'பிடபிள்யூ யூசர்ஷோ -ஏ' 10 ஃபீல்டும் தரும், ஹேஷ் இடத்தில் மட்டும் நட்சத்திரக் குறி இருக்கும். இரண்டையும் தனித்தனி ஃபைலில் வாங்கி (வேறு யாரும் படிக்க முடியாதபடி யூமாஸ்க் 077 வைத்துவிட்டு), ஆக் என்ற டெக்ஸ்ட் கருவியைக் கொண்டு முதலாவதின் ஹேஷை இரண்டாவதின் 2ஆம் ஃபீல்டில் பொருத்துங்கள். பொருத்துவது பெயரை வைத்து. யூஐடியை வைத்து அல்ல. ரூட்டுக்கும் அதன் மாற்றுக் கணக்கான டூருக்கும் யூஐடி 0தான், மாறிப்போனால் ரூட்டாக நுழைய முடியாது. எல்டிஏபி, என்ஐஎஸ் போன்ற மையக் கணக்குச் சேவைகள் இருந்தால் அந்தக் கணக்குகளும் பட்டியலில் கலந்து வரும், அவற்றை நீக்குங்கள்.

மெஷின் பூட்டே ஆகவில்லையா? லைவ் மீடியாவில் ஏற்றி, டிஸ்க்கை மவுண்ட் செய்து, சிஹெச்ரூட் போட்டு (அந்த டிஸ்க்கையே ரூட் அடைவாக்கி) இதே கட்டளைகளைக் கொடுக்கலாம்.

ஃபைல் தயாரானதும் அதை ஈடிசிக்குள்ளேயே வேறு பெயரில் வையுங்கள். பிடபிள்யூடி_எம்கேடிபிக்குப் பெரிய சி ஆப்ஷன் கொடுத்தால் வடிவத்தை மட்டும் சரிபார்க்கும், எதையும் மாற்றாது. பிழை இல்லையென்றால் சிறிய பி ஆப்ஷனோடு ஓட்டுங்கள். 7 ஃபீல்டு உள்ள பாஸ்வேர்ட் ஃபைலும் சேர்ந்து உருவாகும். கொடுத்த ஃபைலை அந்தக் கட்டளை பெயர்மாற்றி மாஸ்டர்.பாஸ்வேர்டாக வைத்துவிடும், பழைய இடத்தில் இருக்காது. வேறு கோப்பு முறைமையில் இருந்தால் அந்தப் பெயர்மாற்றமே நடக்காது. குரூப் ஃபைலுக்கு டிபி கிடையாது. அது போனால் பேக்கப்தான்.

லினக்ஸில் டிபியிலிருந்து மீட்கும் இந்த வசதியே இல்லை. லினக்ஸ் சான்றிதழ் தேர்வான எல்பிஐசி-1இன் 107.1 பகுதிக்குப் படிக்கிறவர்கள் ஈடிசியில் கழித்தல் குறியோடு முடியும் பாஸ்வேர்ட், ஷேடோ (லினக்ஸில் ஹேஷ் இருக்கும் ஃபைல்) நகல்களை நினைவில் வைத்தால் போதும். அவற்றில் இருப்பது கடைசி மாற்றத்துக்கு முந்தைய நிலை. ரெட் ஹாட்டில் ஷேடோவை மீட்ட கையோடு, பாதுகாப்பு லேபிளைச் சரிசெய்யும் ரிஸ்டோர்கான் கட்டளையை ஓட்டுங்கள். எஸ்இலினக்ஸ் லேபிள் தவறாக இருந்தால் ஹேஷ் சரியாக இருந்தும் லாகின் விழாது.