ரீபூட்டுக்குப் பிறகும் டிஎன்எஸ் நிற்க: லினக்ஸ் செய்முறைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ போன்ற செய்முறைத் தேர்வுகளில், செய்த மாற்றம் ரீபூட்டுக்குப் பிறகும் இருந்தால்தான் மதிப்பெண். டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) கேள்வியில் பலர் கோட்டை விடுவது இதில்தான். எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் /எட்சி/ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் நேம்சர்வர் வரியை எழுதுவார்கள், பிங் போகும், அடுத்த கேள்விக்குத் தாவுவார்கள். இணைப்பு மறுபடி உயிர்பெற்றதும் டிஎச்சிபி (நெட்வொர்க் அமைப்புகளைத் தானாக வழங்கும் முறை) கொடுத்த டிஎன்எஸ் முகவரி அங்கே வந்து உட்கார்ந்துவிடும்.

அந்தக் கோப்பை எழுதுவது யார் என்று முதலில் பாருங்கள். முதல் வரியில், இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர் உருவாக்கியது என்ற கமென்ட் இருந்தால் வேலை அதனிடம். கோப்பு வெறும் சிம்லிங்காக (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பாக) இருந்து, உள்ளே 127.0.0.53 தெரிந்தால் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்ற உள்ளூர் டிஎன்எஸ் சேவை நடுவில் நிற்கிறது.

நெட்வொர்க்மேனேஜர் என்றால், 'என்எம்சிஎல்ஐ கான் ஷோ' கொடுத்து இணைப்பின் பெயரை எடுங்கள். பிறகு 'கான் மாட்' மூலம் ஐபிவி4.டிஎன்எஸ் மதிப்பைக் கொடுத்து, ஐபிவி4.இக்னோர்-ஆட்டோ-டிஎன்எஸ் என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். இந்த இரண்டாவதை விட்டால் உங்கள் சர்வரோடு டிஎச்சிபி தந்ததும் சேர்ந்தே வரும். ஐபிவி6 பக்கமும் இதே அமைப்பு தனியாக உண்டு. ரவுட்டர் அறிவிப்பு வழியாக வரும் டிஎன்எஸ் அந்த வாசலில்தான் நுழையும். 'மாட்' புரொஃபைலில் சேமிப்பதோடு சரி, 'கான் அப்' கொடுத்தால்தான் அமலுக்கு வரும்.

நெட்வொர்க் நிர்வாகம் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற சேவையின் கையில் இருந்தால், .நெட்வொர்க் கோப்பின் டிஎச்சிபிவி4 பகுதியில் 'யூஸ்டிஎன்எஸ்=நோ'. உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளானில் டிஎச்சிபி4-ஓவர்ரைட்ஸ் அடியில் 'யூஸ்-டிஎன்எஸ்: ஃபால்ஸ்'. ரிசால்வ்டின் அமைப்புக் கோப்பான ரிசால்வ்ட்.கான்ஃபில் மட்டும் சர்வரை எழுதினால் போதாது. நெட்வொர்க் கார்டுக்கு டிஎச்சிபி தந்த சர்வர் அப்படியே பயன்பாட்டில் இருக்கும்.

ரிசால்வ்.கான்ஃப் கோப்பை யாரும் மாற்ற முடியாதபடி 'சிஹெச்ஆட்டர் +ஐ' போட்டுப் பூட்டும் குறுக்குவழியை இணையத்தில் அடிக்கடி பார்ப்பீர்கள். தேர்வில் வேண்டாம். அது சிம்லிங்காக இருந்தால், அது சுட்டும் உண்மைக் கோப்பு /ரன் அடியில், நினைவகத்தில் இருக்கிறது. ரீபூட் ஆனதும் அது புதிதாகவே உருவாகும். சாதாரணக் கோப்பாக இருந்து பூட்டு நின்றாலும், பின்னால் திருத்த வரும்போது ரூட்டுக்கே (நிர்வாகிக்கே) அனுமதி மறுக்கப்படும், காரணமும் சட்டென்று பிடிபடாது.

சர்வர்களை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். பெயர் தேடலைச் செய்யும் ஜிலிப்சி நூலகம் முதல் மூன்றைத்தான் படிக்கும்.

பிங் போவதைச் சான்றாக எடுக்காதீர்கள். பழைய சர்வரும் பதில் சொல்லும். ரீபூட் செய்து, ரிசால்வ்.கான்ஃபைப் படியுங்கள். ரிசால்வ்ட் இருந்தால் அதில் 127.0.0.53 மட்டுமே தெரியும் என்பதால், 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டும் கார்டுவாரியான பட்டியலைப் பாருங்கள்.