ஸ்பீடு பிரேக்கரில் வராத சத்தம்

வண்டி வாங்கி ஒன்றரை வருஷம் போல ஆனபோது முன்பக்கம் இடது சக்கரத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. டொக், டொடொக். பெரிய சத்தமெல்லாம் இல்லை. மெதுவாகப் போனால்தான் வரும், நாற்பதைத் தாண்டினால் போன இடம் தெரியாது. எங்க ஆத்தாளுக்குக் காது மந்தம். பின் சீட்டில் வந்த அவுகளே கோட்டையூர் தாண்டும்போது, "கீழே என்னத்தா உருளுது?" என்று கேட்டாக. அதற்குமேல் சும்மா இருக்க முடியுமா?

நான் பலகாரம் போட்டு விற்கிறவள். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, கல்யாண சீசனில் அதிரசமும் மாவுருண்டையும். அடுப்பு பின்கட்டில். எங்கள் பக்கத்து வீடுகள் முகப்பை ஒரு தெருவிலும் பின்வாசலை அடுத்த தெருவிலும் வைத்துக் கட்டியவை என்பதால், டின்களைப் பின்வாசல் வழியாகத்தான் வண்டியில் ஏற்றுவோம். அந்தப் பின்தெருவில் பேவர் பிளாக் கல் போட்டிருக்கிறார்கள். குழாய்க்குத் தோண்டி மூடிய இடத்தில் கல் ஒருபக்கம் இறங்கி, ஒருபக்கம் ஏறி நிற்கும். சத்தம் தவறாமல் வருவது அங்கேதான்.

காரைக்குடியில் வாங்கிய இடத்துக்கே கொண்டுபோனேன். சர்வீஸ் அட்வைசர் சின்னப் பையன், மரியாதையானவன். டிக்கியைத் திறந்தான், நாலு தகர டின்னைப் பார்த்தான், முகம் மலர்ந்துவிட்டது. "மேடம், டப்பா ஆடுது!"

தம்பி, முப்பது வருஷமாக டின்னோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு டின் ஆடும் சத்தம் தெரியாதா? டின்னை எல்லாம் அங்கேயே இறக்கி வைத்தேன். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர்ப் பை எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். இப்போது ஓட்டிப் பார் என்றேன். பைபாஸில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, வாசலில் இருக்கிற ஸ்பீடு பிரேக்கரில் ரெண்டு தரம் ஏற்றி இறக்கினான். ஒரு சத்தமும் இல்லை. ஜாப் கார்டு என்கிற வேலைச் சீட்டில் "சோதித்ததில் சத்தம் இல்லை" என்று எழுதி, வண்டியைக் கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். கழுவியது நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த முறை லிஃப்டில் தூக்கி சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார்கள். புஷ் என்கிற ரப்பர் வளையத்தில் ஏதோ ஸ்ப்ரே அடித்தார்கள், அடியில் இருந்த பிளாஸ்டிக் கவரை முறுக்கினார்கள். ரெண்டு நாள் அமைதி, பிறகு பழைய கதை. "இந்த மாடலுக்கே கொஞ்சம் சத்தம் இருக்கும் மேடம், நார்மல்தான்" என்ற வசனமும் அப்போதுதான் வந்தது. ஒன்றரை வருஷம் வராத நார்மல் இப்போது எங்கிருந்து வந்தது என்றேன். பதில் இல்லை.

தேவகோட்டையில் வக்கீலாக இருக்கும் எங்கள் கொழுந்தனார் இந்த இடத்தில் ஒரு நல்ல காரியம் சொன்னாக. "சண்டை போடாதீக அண்ணி. அவன் என்ன எழுதுறாங்கிறதை மட்டும் பாருங்க." ஜாப் கார்டில் வண்டிக்காரர் சொன்ன குறை என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் "சத்தம்" என்று ஒற்றை வார்த்தை போட்டால் ஏற்கக்கூடாதாம். இடது முன்சக்கரம், இருபது கிலோமீட்டர் வேகத்துக்குள், சமமில்லாத தரையில் என்று எழுத வைத்து, கிலோமீட்டர் ரீடிங்கும் தேதியும் சரியா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டுமாம். வாரண்டிக்குள் சொன்ன குறை என்பதற்கு நம் கையில் இருக்கிற அத்தாட்சி அந்தத் தாள்தான். நாளைக்கு வாரண்டி முடிந்துவிட்டது என்று யாரும் கையை விரிக்க முடியாது.

இன்னொன்றும் சொன்னாக. "எங்க ஊர் ரோடு மோசம்னு வாய் தவறிக்கூடச் சொல்லீராதீக." வாரண்டி புத்தகத்தில் முறையற்ற உபயோகம் என்று ஒரு விலக்கு இருக்கிறது, நாமே அதில் போய்க் காலை வைக்கக்கூடாது. ஊராட்சிக்காரரைத் திட்ட வேண்டுமென்றால் ஊராட்சி அலுவலகத்தில் போய்த் திட்டிக்கொள்ளலாம். அதிலிருந்து நான் "தெரு" என்று மட்டும்தான் சொல்வது.

பலகாரம் ஏற்றுகிறோமே, வியாபாரத்துக்கு வைத்த வண்டி, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இருந்தது. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைக்கிறவர் அதற்கென்றே வாங்கிய பொருளை வணிக நோக்கத்தில் சேர்க்கவில்லை. வழக்குப் போடுவதானால் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, எனக்கு சிவகங்கையில், போடலாம். குறை எழுந்ததிலிருந்து ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு ஒரு போன் போட்டுப் புகார் பதியலாம். அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் ஜாப் கார்டுகளைப் படமெடுத்து, பின்தெருவில் எடுத்த வீடியோவையும் சேர்த்து கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்பினேன். அதன் பிறகு எங்கிருந்தோ ஒரு சீனியர் மெக்கானிக் வந்துசேர்ந்தார்.

வந்தவர் வண்டியைத் தொடவே இல்லை. முதலில் ஒரு கேள்வி. "ஆச்சி, ஸ்பீடு பிரேக்கர்ல சத்தம் வருதா?"

"வராதுண்ணே. ஒருநாளும் வந்ததில்லை."

"ஒரு சக்கரம் ஏறி ஒரு சக்கரம் இறங்குற இடத்துல?"

"அங்கேதான் வருது."

அட்வைசர் பையனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள். பிறகு எனக்கும் விளக்கினார். முன்னால் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் சேர்த்து ஸ்டெபிலைசர் பார் என்று ஒரு வளைந்த கம்பி போகிறது. அதன் ரெண்டு முனையிலும், கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்க, ஆளுக்கொரு லிங்க் ராடு. ஸ்பீடு பிரேக்கரில் ரெண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதால் கம்பி முறுக்கிக்கொள்வதில்லை, லிங்க் ராடுக்கும் பெரிய வேலை இல்லை. ஒன்று ஏறி மற்றது இறங்கும்போதுதான் கம்பி முறுகி லிங்க் ராடை இழுக்கும். அதன் குண்டு மூட்டில் தேய்மானம் இருந்தால் அப்போது தட்டும். லிஃப்டில் தூக்கினால் சக்கரம் தொங்கிப்போய் மூட்டு ஒருபக்கமாக ஒதுங்கி நிற்கும், ஆட்டம் கைக்குப் பிடிபடாமல் போகலாம்.

அதனால் லிஃப்ட் வேண்டாம் என்றுவிட்டார். சக்கரம் தரையில் நிற்க, வண்டியைக் குழிமேல் நிறுத்தி, கீழே இறங்கி லிங்க் ராடில் கையை வைத்துக்கொண்டார். மேலே ரெண்டு பையன்கள் வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டினார்கள். டொக். ஆத்தாளுக்குக் கேட்ட அதே டொக். அதோடும் விடவில்லை. ரெண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டு, பட்டறைக்குப் பின்னால் கல்லும் குழியுமான இடத்தில் மெதுவாக ஓட்டிக் காட்டினார். சத்தமே இல்லை.

ரப்பர் சாமான்களுக்கு வாரண்டி இல்லையே என்று கவுண்டரில் ஒரு இழுப்பு. எனக்குக் கொடுத்த புத்தகத்தில் புஷ், பிரேக் பேட், வைப்பர் பிளேடு என்று விலக்குப் பட்டியல் இருக்கிறது. லிங்க் ராடு அதில் இல்லை. அந்தப் பக்கத்தை விரித்து வைத்தேன். போட்டோவும் வீடியோவும் கம்பெனிக்குப் போய், ஒப்புதல் வந்து, சாமான் வந்து மாட்டினார்கள்.

பழைய சாமான் கம்பெனிக்குத் திரும்பிப் போக வேண்டுமாம், வீட்டுக்குத் தர மாட்டார்கள். பார்க்கவாவது காட்டுங்கள் என்றேன். மூட்டின் மேலிருந்த ரப்பர் தொப்பியில் நகம் நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல். உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் ஊர்ச் செம்மண் குழைந்து செங்காவி நிறத்தில் அப்பியிருந்தது. புதுசில் மூட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முளையைப் பெருவிரலால் அழுத்தினாலும் லேசில் அசையவில்லை. பழையதை நிமிர்த்திப் பிடித்துக் கையை எடுத்தால் தானாகச் சரிந்து விழுந்தது. அட்வைசர் பையன் அதை வாங்கி நாலைந்து தரம் விழவிட்டுப் பார்த்தான். நல்ல பையன்தான், கற்றுக்கொள்வான்.

ஒப்புதல் இடது பக்கத்துக்கு மட்டும்தான். வலது பக்கத்தையும் இப்போதே மாற்றிவிடுங்கள், ஆயிரத்துச் சொச்சம்தான் ஆகும் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். வாரண்டி இன்னும் ஏழெட்டு மாசம் இருக்கிறது. அது வாயைத் திறந்தால் என்ன எழுத வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.