பின்சாய்வுக்கோடு காக்கும் வசனம்

வேதாகம மொழிபெயர்ப்பாளர்கள் பாராடெக்ஸ்ட் மென்பொருளில் தட்டச்சு செய்யும் பகுதிகளை அச்சுக்கு ஒழுங்குபடுத்தும் பணியில் இருப்பதால், வேதாகம உரையில் எந்த வரி என்ன வகை என்று குறிக்கும் யூ.எஸ்.எஃப்.எம். குறியீடுகளோடுதான் என் நாள் கழிகிறது. பின்சாய்வுக்கோட்டை (\) அடுத்து 'சி' வந்தால் அதிகாரம், 'வி' வந்தால் வசனம், 'பி' வந்தால் பத்தி. கவிதை வரிகளுக்கு 'கியூ1', 'கியூ2' என்று உள்தள்ளலின் அளவும் சேர்ந்தே வரும். எழுத்துருவையோ பக்க அளவையோ இவை சொல்வதில்லை. இன்ன வரி இன்னது என்று மட்டுமே சொல்வதால், ஒரே கோப்பிலிருந்து அச்சு நூலையும் கைபேசிச் செயலியையும் உருவாக்க முடிகிறது.

51ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். தீர்க்கதரிசி நாத்தான் தாவீது அரசனிடம் வந்ததைச் சொல்லும் தலைப்பு எபிரெயத்தில் முதல் இரண்டு வசனங்களாக எண்ணப்படுவதால் அங்கே 21 வசனங்கள்; தமிழில் 19தான். அந்தத் தலைப்புக்கென்றே 'டி' என்ற தனிக் குறியீடு இருக்கிறது. அதை வெறும் பிரிவுத் தலைப்பாகக் குறிப்பது, மூலத்திலுள்ள சொற்களைப் பதிப்பாசிரியர் சேர்த்தவையாகக் காட்டிவிடும்; இது சிறிய பிழையென்று நான் ஒருபோதும் கருதமாட்டேன்.

ஒருமுறை அடிக்குறிப்பை முடிக்கும் 'எஃப்' குறியீட்டின் நட்சத்திரக் குறியை (*) நான் விட்டுவிட்டேன். அடுத்து வந்த வசன வரிகள் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் போய் நின்றன. அன்றுமுதல், சரிபார்ப்புக் கருவியை ஓட்டிய பிறகும், ஒவ்வோர் அடிக்குறிப்பின் முடிவையும் கண்ணால் பார்த்தே கோப்பை அனுப்புகிறேன்.