தாத்தாவின் டயானாவும் காய்ந்துபோன வாஷரும்

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் தாத்தா கணக்குப்பிள்ளையாக இருந்தார். அவர் விட்டுப்போன சாமான்களோடு ஒரு ஏர்கன்னும் கிடந்தது. ஜெர்மனியில் ராஷ்டாட்டில் செய்த டயானா 27. 4.5 மி.மீ. துளை, சக்தியும் 20 ஜூலுக்கு ரொம்பக் கீழே. அதனால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் சுட்டால் குண்டு பத்து மீட்டரில் அட்டைப்பெட்டியில் மோதிக் கீழே விழுந்தது.

பார்த்தவர்கள் எல்லாரும் "ஸ்ப்ரிங் போச்சு" என்றார்கள். நடுவில் நான் தையல் மிஷின் எண்ணெயைக் காற்றுத் துளையில் விட்டுப் பார்த்தேன். அடுத்த தடவை 'டமார்' என்று வெடித்து நீலப் புகை வந்தது. பலம் திரும்பிவிட்டது என்று குதித்தேன். அழுத்தத்தில் எண்ணெய் தீப்பிடித்த சத்தம் அது என்று பிறகுதான் தெரிந்தது. நாலு குண்டோடு அந்தச் சந்தோஷமும் போச்சு.

சரி என்று நல்ல முரட்டு ஸ்ப்ரிங்காக ஒன்று வாங்கினேன். மாட்டுவதுதான் பெரிய வேலை. உள்ளே அழுத்திக் கிடக்கும் ஸ்ப்ரிங் சும்மா பின்னைத் தட்டினால் முகத்துக்கே பாயும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லேத் பட்டறை அண்ணன் மரப்பலகையில் மறை போட்ட கம்பி வைத்து, மெல்லத் தளர்த்தும்படி ஒரு சட்டம் செய்து கொடுத்தார். இந்த மாடலில் ட்ரிக்கர் விசைக்கு மூன்று எஃகு குண்டுமணிகள் உண்டு. அதில் ஒன்று உருண்டு இரும்புச் சீவலுக்குள் போய்விட, காந்தம் வைத்து அரைமணி நேரம் தேடினோம்.

புது ஸ்ப்ரிங் போட்டதும், அதை அழுத்தக் குழலை மடக்கவே கை வலித்தது, உதை கூடியது. குண்டு மட்டும் பழையபடியே அட்டையில் பட்டு விழுந்தது.

மறுபடி பிரித்தபோது, ஸ்ப்ரிங் முன்னே தள்ளும் பிஸ்டனை அண்ணன் என் கையில் வைத்தார். "தம்பி, ஸ்ப்ரிங்க விடுங்க. இதப் பாருங்க." பிஸ்டன் தலையில் சைக்கிள் பம்ப் வாஷர் போலவே தோல் கிண்ணம். அதன் விளிம்பு விரிந்து சிலிண்டர் சுவரை ஒட்டினால்தான் காற்று முன்னே போகும். இதுவோ மாங்காய் வற்றல் மாதிரி சுருங்கி, நகத்தால் அழுத்தினால் தடம்கூட விழவில்லை. மாட்டுக் கால் எலும்பைக் காய்ச்சி எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் இரண்டு ராத்திரி ஊறப்போட்டேன். மூன்றாம் நாள் காது மடல் போல வளைந்தது. பழைய ஸ்ப்ரிங்கையே திரும்பப் போட்டோம். குழல் மடங்கும் இடத்தில் டிஷ்யூ பேப்பரை வைத்துச் சுட்டால் அது பறந்தது, காற்று அங்கே கசிகிறது. அங்கேயும் ஒரு குட்டித் தோல் வளையம். அதன் அடியில் காகிதத்தை வட்டமாக வெட்டி வைத்ததும் பேப்பர் அசையவில்லை.

மாமா வீட்டுக் காபிக் களத்தில் பழைய துணி அடைத்த பெட்டியை வைத்துச் சுட்டேன். குண்டுகள் உள்ளே போயின, ஆனால் ஆளுக்கொரு திசை. ஸ்ப்ரிங் துப்பாக்கி இரண்டு தடவை உதைக்கும். பிஸ்டன் முன்னே பாயும்போது பின்னுக்கு, அது முட்டி நிற்கும்போது முன்னுக்கு. குண்டு குழலுக்குள் இருக்கும்போதே இது தொடங்கிவிடும். இறுக்கிப் பிடித்தால் அந்த அசைவு தடவைக்குத் தடவை மாறும். விரித்த உள்ளங்கையில் சும்மா கிடத்தினேன். ஐந்து குண்டும் பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின.

"குடு கண்ணு" என்று மாமா வாங்கினார். சொல்லச் சொல்லக் கேட்காமல் பொருட்காட்சி பலூன் சுடுகிற மாதிரி இறுக்கிப் பிடித்தார். குண்டு பெட்டியின் மரச்சட்டத்தில் பட்டது.