இரண்டு மணி நேரம், 75 கிராம் சர்க்கரை

சிங்கப்பூரில் 40 வயதைத் தாண்டினால் ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்க நோய்த்தடுப்புத் திட்டத்தில் சேரச் சொல்லிக் குறுஞ்செய்தி வரும். 2023 ஜூலையில் தொடங்கிய திட்டம். எனக்கு வந்ததைப் பல மாதம் கண்டுகொள்ளவில்லை. மனைவி திட்டிய பிறகுதான் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் பதிந்தேன். இரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.4 மில்லிமோல்.

இதற்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டேன். இங்கே பெரியவர்கள் நீரிழிவை இன்னும் 'இனிப்புநீர்' என்றுதான் சொல்வார்கள். அது உனக்கு வரவில்லை, ஆனால் வாசல்வரை வந்து நிற்கிறது என்றார் டாக்டர். வெறும் வயிற்றில் 7.0 தொட்டால் நீரிழிவு, 6.1க்குக் கீழே என்றால் கவலையில்லை. நடுவில் மாட்டினால் குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அந்தச் சோதனைக்கு அரை நாள் லீவு போட்டுப் போனேன். கிளம்பும்முன் ஒரு காப்பி ஓ கொசோங் குடித்திருந்தேன். பாலும் இல்லை, சீனியும் இல்லை, என்ன ஆகப்போகிறது? தாதி சிரித்தார். "வெறும் தண்ணி மட்டும்தான் அங்கிள். காப்பியே கூடாது." லீவு போனது ஒரு பக்கம், 43 வயதில் 'அங்கிள்' இன்னொரு பக்கம். வேறு தேதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஒழுங்காகப் போனேன். முதலில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். ஆரஞ்சு வாசனை, தொண்டையில் ஒட்டும் இனிப்பு. கடையில் விற்றால், பானங்களுக்குச் சர்க்கரை அளவைப் பார்த்து இங்கே கொடுக்கும் நியூட்ரி-கிரேடில் கடைசித் தரமான 'டி' முத்திரைதான் கிடைக்கும். 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை போனாலே டி. அப்புறம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும், நடக்கவும் கூடாது. பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி தூங்கிவிட்டார். எனக்குக் குமட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் மறுபடி ஊசி.

இரண்டு மணி நேர எண் 9.2. 7.8க்குக் கீழே சாதாரணம், 11.1 முதல் நீரிழிவு. நான் நடுவில்.

ராத்திரி கும்பகோணத்துக்குப் போன் போட்டேன். அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. "எனக்கே சாப்பிட்டப்புறம் 140 இருக்கு, டாக்டர் பரவாயில்லைங்கறார். உனக்கு வெறும் 9 தானேடா?" அம்மா சொல்வது மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல் கணக்கு. 18ஆல் பெருக்கினால் என்னுடையது 166. சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

எனக்குப் புரியாமல் இருந்தது வேறு ஒன்று. நான் குண்டு இல்லையே? டாக்டர் என் வயிற்றைப் பார்த்தார். ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 23 வந்தாலே ஆபத்து ஏறத் தொடங்குமாம்; என்னுடையது 25. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பால் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கிறது, அது களைக்கும் நாளில்தான் எண் எகிறும். என் வெறும் வயிற்று எண் சுமாராக இருந்தும் சாப்பிட்ட பிறகு ஏறியது அதனால்தான். மாத்திரை வேண்டாம், வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நட, எடையைக் குறை என்றார்.

லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் தினம் மூன்று தே தாரிக், அதாவது இனிப்பான பால் தேநீர், குடித்தவன் நான். இப்போது ஒன்றே ஒன்று, சீனி போடாத பால் தேநீரான தே சி கொசோங். முதல் இரண்டு வாரம் மருந்து குடிப்பது போல இருந்தது, பிறகு பழகிவிட்டது. பராட்டாவை மட்டும் முழுதாக விட முடியவில்லை, ஞாயிறு ஒன்று.

ஆறு மாதம் கழித்து நான்கு கிலோ குறைந்து, எண்கள் 5.8, 8.1. வெறும் வயிற்று எண் தப்பித்தது, இரண்டு மணி நேர எண் இன்னும் நடுவில்தான். அடுத்த சோதனை மார்ச்சில். அதற்கு முந்தைய ராத்திரியே காப்பித்தூள் டப்பாவை ஒளித்து வைத்துவிடுவதாக மனைவி சொல்லியிருக்கிறாள்.