ஒரு கிழங்குக்காகப் பாத்தி

“ஒரு கிழங்குக்காக ஆரும் பாத்தி கிண்டுவினமோ, பிள்ளை?”

இன்று காலை பூநகரியில் மாமி கேட்டது. பனங்கிழங்கு கிண்டுவதை மட்டும் வீடியோ எடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். அவிப்பதை இன்னொரு நாள் எடுக்கலாம் என்று எண்ணம்.

சரி என்று மத்தியானம் வரை நின்றேன்.

அவித்த கிழங்கின் நுனியில் மாமியின் பெருவிரல் நகம் இறங்கும். ஒரு சின்னச் சத்தம். இரண்டு பாதி. அந்த நகத்தை மட்டும் ஒரு நிமிடம் எடுத்தேன்.

போனைக் கிடையாகப் பிடித்து 4கே-யில் எடுத்தால் 3840×2160 பிக்சல். அதை நெட்டாக வெட்டினாலும் 1215×2160 மிஞ்சும். ரீல்ஸுக்கு 1080×1920 போதும். மாமியின் கை நடுவில் இருந்தால் சரி. யூடியூப்புக்கு ஒன்று, ரீல்ஸுக்கு நாலு. எல்லாம் ஒரே காலையில்.

வன்னியில் வீடியோ போடும் எங்கட பிள்ளைகள் தினம் ஒன்று போடவேண்டும் என்று நித்திரை முழிக்கிறார்கள். அந்த ஓட்டத்தில் இப்படியான கைகளை நின்று பார்க்க நேரமே கிடைப்பதில்லை. எனக்கு அதுதான் கவலை.

கிழங்கு இப்போது பாயில் காய்கிறது. புழுக்கொடியல் ஆனதும் மாமி அதைக் கடிக்கும் சத்தம் ஒன்றுதான் இனி எடுக்கவேண்டும்.